கொச்சி இறுதி ஆட்டத்தில் எசக்கி ஏன் ஆடவில்லை

ஃபெலிக்ஸ் சார் விலகிவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னது, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சலூன் வைத்திருக்கும் மாடசாமி. என் ஒரு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உங்க கோச் போயிட்டாராம்லா அண்ணாச்சி. பாத்தியளா?"

ஒரு நிமிடம்கூட இல்லாத வீடியோ. மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பத்தொன்பது வருஷம் ஆச்சு. வேற ஒருத்தர் வரட்டும். எல்லாருக்கும் நன்றி." அவ்வளவுதான் பேசினார். அதற்குக் கீழே ரசிகர்கள் எழுதியிருந்ததைத்தான் படித்து முடிக்க முடியவில்லை. மகனுக்கு அவர் பெயரை வைத்திருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். ஆறு கோல் வாங்கித் தோற்ற ஒரு மழை நாளில், எல்லோரும் உள்ளே ஓடிவிட்ட பிறகு அவர் மட்டும் ரசிகர்கள் பக்கம் நடந்துவந்து கும்பிட்டுவிட்டுப் போனதை ஒரு பெண் எழுதியிருந்தாள். மைதான வாசலில் மேளம் கொண்டுவந்து அடித்துக்கொண்டே அழுதவர்களின் படம் இருந்தது.

ஆனால் இப்படி நீளமாக எழுதியவர்களில் பாதிப் பேர் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 'ஒரே ஒரு வருத்தம், கொச்சி ஃபைனல். எசக்கியை ஏன் வெளியே வைத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.'

எங்கள் பக்கத்தில் அது வெறும் வருத்தம் அல்ல. எசக்கிமுத்து வாசுதேவநல்லூர்க்காரன். இங்கிருந்து தொழில்முறைக் கால்பந்துக்குப் போன ஒரே பையன். மாடசாமி சொன்னார்: "நல்ல மனுசந்தான், இல்லங்கல. ஆனா நம்ம எசக்கி வாழ்க்கையக் கெடுத்ததும் அந்த மனுசந்தான? தனக்கு வேண்டியவன இறக்குனாரு. எசக்கியே வாய்ஸ் போட்டிருக்கான், கேளுங்க."

கேட்டேன். கொச்சி ஆட்டம் முடிந்து பதினான்கு வருடம்; எசக்கியின் குரலை நான் கேட்டே பத்து வருடம் இருக்கும். "எனக்குக் காரணம் சொல்லாம உக்கார வெச்ச மனுசன், இன்னைக்குக் காரணம் சொல்லாமலே போயிட்டாரு. சந்தோசம். நல்லா இருக்கட்டும்."

"அவருக்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும்" என்றேன்.

"என்ன காரணம்? இருந்தாச் சொல்லியிருப்பாருல்லா?"

மாடசாமி கத்தியை எடுத்து மறு கன்னத்தையும் மழித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காரணம் எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மத்தியானமே அனிதா கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு கிளப்பில் என் இடத்துக்கு வந்த ஃபிசியோதெரபிஸ்ட். "சார், கோச்சோட அதிக வருஷம் வேலை பார்த்தது நீங்கதான். எங்களை மாதிரி புதுசா வர்றவங்களுக்காக உங்க அனுபவத்தை எழுதித் தாங்க. மலர் ஒண்ணு போடறோம்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அவள் எதிர்பார்த்தது நிச்சயம் இந்தக் கட்டுரை அல்ல.

நான் படித்ததையும் கிளப்புக்கு வருவதற்கு முந்தைய வருடங்களையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் படித்தேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பக்கவாதக்காரர்களுக்குக் கை கால் நீட்டி மடக்கப் பழக்கினேன். பிறகு கோயம்புத்தூரில் கால்பந்து கிளப் ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கணுக்காலுக்கு டேப் சுற்றுவது எப்படி என்பதை நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன்.

நான் சேர்ந்த அதே வருடம் ஃபெலிக்ஸ் சாரும் வந்தார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். கத்த மாட்டார். வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை மட்டும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை "ஃபிசியோ" என்றார். ஒவ்வொரு ஆட்ட நாள் காலையிலும், அடிபட்டவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்வி கேட்பார். "ஓடுவானா? சட்டுனு திரும்புவானா? நாளைக்கும் ஓடுவானா?" மூன்றாவதற்கு நான் தயங்கினால் அந்தப் பெயரை அடித்துவிடுவார். ஒருமுறை அரையிறுதிக்கு முன்னால் கேப்டனின் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். கிளப் நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் வந்து அவரிடம் மன்றாடினார்கள். "ஃபிசியோ வேண்டாம்னுட்டார்" என்று சொல்லிவிட்டு ஷூ லேஸைக் கட்டப் போய்விட்டார். என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. யாரையாவது அணியிலிருந்து எடுத்தால் பட்டியல் சுவரில் ஒட்டப்படும்வரை விட்டுவைக்க மாட்டார். தானே அவன் அறைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்ன காரணம் என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். பையன்கள் கோபப்படுவார்கள், அழுவார்கள். ஆனால் ஏன் என்று தெரியாமல் யாரும் வெளியே உட்கார்ந்ததில்லை.

என் அறைக்கும் சட்டங்கள் இருந்தன. மருந்து நோட்டு ஒன்று வைத்திருந்தோம். யாருக்கு, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எந்த டாக்டர் சொல்லி என்று நான்கு கட்டங்கள். டாக்டர் எழுதாமல் இருமல் மருந்துகூடக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியல் புதிதாக வரும். அதை அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருப்பேன். பலருக்குத் தெரியாத விஷயம், கடையில் விற்கும் சில சளி மாத்திரைகளிலேயே அந்தப் பட்டியலில் உள்ள மருந்து இருக்கும். மற்ற நாளில் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆட்ட நாளில் உடம்பில் இருந்தால் குற்றம். சளிக்குச் சாப்பிட்டேன் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். புது வீரர்கள் வரும்போதெல்லாம் இதை நான்தான் வகுப்பெடுப்பேன்.

எசக்கி பத்தொன்பது வயதில் எங்களிடம் வந்தான். வலது ஓரத்தில் ஆடுவான். என்ன வேகம்! என் பேச்சைக் கேட்ட முதல் நாளே, "அண்ணாச்சிக்குச் சங்கரன்கோவிலா?" என்று பிடித்துக்கொண்டான். அந்த ஊரில் என்னிடம் எங்கள் பேச்சுப் பேச வேறு யாரும் இல்லை. டேப் சுற்ற வரும்போது அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவான். மற்றப் பையன்களுக்கு இல்லாத சலுகை அவனுக்கு என் அறையில் இருந்தது. அப்போது அதை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொச்சி இறுதி ஆட்டத்தன்று காலை ஆறு மணிக்கு ஹோட்டலில் என் கதவைத் தட்டினான்.

"மூக்கு அடைச்சுக் கெடக்கு அண்ணாச்சி. தலையெல்லாம் பாரமா இருக்கு. கோச்சுகிட்டச் சொல்லாதீங்க, வெளிய வெச்சிருவாரு."

எங்கள் டாக்டர் மத்தியான ரயிலில்தான் வருவதாக இருந்தது. எனக்கும் இரண்டு நாளாகச் சளி. என் பையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை அட்டை இருந்தது. ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று கேட்டான், அதையும் கொடுத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதவில்லை. எழுதினால் டாக்டர் கேட்பார், கோச்சுக்குத் தெரியும், பையன் வருத்தப்படுவான். நம் ஊர்ப் பையன். அவ்வளவுதான் என் யோசனை.

மூன்று மணிக்கு டாக்டர் வந்து நோட்டைக் கேட்டார். ஆட்டம் முடிந்ததும் சீட்டுக் குலுக்கி அணிக்கு இரண்டு பேரைச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் நோட்டைப் பார்ப்பது அவர் வழக்கம். "யாரும் எதுவும் சாப்பிடலையே?" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

அறைக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். பையில் கொண்டுவந்திருந்த தடைப் பட்டியலின் பிரதியை எடுத்தேன். மறுபடி அட்டையைப் படித்தேன். அட்டையில் இருந்த மருந்தின் பெயர் பட்டியலிலும் இருந்தது.

ஃபெலிக்ஸ் சார் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். நான் முடித்துவிட்டு, இதைச் சொல்லவே இன்று கூசுகிறது, "சார், சீட்டுல அவன் பேர் வராமலும் போகலாம்" என்றேன்.

"வந்தா?"

"ரெண்டு வருஷம் வரைக்கும் தடை போடலாம்."

"அவனுக்கு இருபத்திரண்டு வயசு, ஃபிசியோ" என்றார்.

ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே ரோட்டில் எங்கள் ரசிகர்களின் சத்தம் மாடிவரை கேட்டது. வாசுதேவநல்லூரிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் செங்கோட்டை வழியாக ஒரு பஸ்ஸும் இரண்டு வேன்களும் வந்திருந்தன. எல்லாம் எசக்கிக்காக வந்த கூட்டம்.

திரும்பி வந்து பென்சிலை எடுத்து அணிப் பட்டியலில் அவன் பெயரை அடித்தார். மாற்று ஆட்டக்காரனாகவும் வைக்கவில்லை. பட்டியலில் பெயர் இருந்தாலே பரிசோதனைக்குக் கூப்பிடலாம். பிறகு சொன்னார்: "காரணத்தை இப்ப அவன்கிட்டச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல எல்லாப் பசங்களுக்கும் தெரியும். ராத்திரிக்குள்ள பத்திரிகைக்குப் போயிடும். ஊக்கமருந்துன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, சளி மாத்திரைன்னு யார் கேப்பாங்க? இன்னைக்கு என் முடிவுன்னு மட்டும் சொல்லிடறேன். நாளைக்கு அவன் ஊருக்குப் போறதுக்குள்ள நீங்க உண்மையைச் சொல்லிடுங்க. உங்க வாயால சொல்லணும்."

"சொல்லிடறேன் சார்" என்றேன்.

அவர் எசக்கி அறைக்குப் போனார். இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தார். முதல் முறையாகக் காரணம் சொல்லாமல் ஒருவனை வெளியே வைத்துவிட்டு வருகிறார். என்னைக் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு கோலில் தோற்றோம். எசக்கி ஓடவேண்டிய ஓரத்தில் அன்று பந்து போகவே இல்லை. பத்திரிகைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, "என் முடிவு" என்ற ஒரே பதிலைச் சொன்னார். எங்கள் பஸ்ஸின் மேல் தண்ணீர் பாட்டில்கள் வந்து விழுந்தன. "எசக்கி எங்கலே? எங்க பையன எங்கலே வெச்சிருக்க?" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். ஃபெலிக்ஸ் சார் முன் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திரையை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. நான் ஐந்து வரிசை பின்னால், தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

மறுநாள் காலை எசக்கி அறையில் இல்லை. விடிவதற்குள் ரசிகர்கள் வேனிலேயே ஊருக்குப் போய்விட்டான். போனில் கூப்பிடலாம், இதைப் போனில் சொல்வதா என்று எண்ணினேன். நேரில் போகலாம், கோபம் ஆறட்டும் என்று எண்ணினேன். உண்மையான காரணம் வேறு. வெளியே தெரிந்தால் என் வேலை போகும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாதம் இப்படிப் போனது. அந்தக் கோடையிலேயே எசக்கி வேறு கிளப்புக்குப் போய்விட்டான். அங்கே பாதி நாள் பெஞ்சு. பிறகு முழங்கால். இருபத்தாறு வயதில் ஆட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பினான்.

ஃபெலிக்ஸ் சார் "சொல்லிட்டீங்களா?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஆட்ட நாளின் மூன்று கேள்விகள் பழையபடி நடந்தன. என் பதிலைப் பழையபடி நம்பினார். கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். எசக்கி ஊருக்குத் திரும்பிய வருடம் அவன் அப்பா இறந்துபோனார். செய்தி தெரிந்ததும் ஃபெலிக்ஸ் சார் காரை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வாசுதேவநல்லூரில் அவர்கள் வீட்டுப் பந்தலில் ஆட்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். சார் மாலையை வைத்துவிட்டு எசக்கியிடம் போய்க் கையை நீட்டினார். எசக்கி அந்தக் கையைப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி" என்று அழுதான்.

அவர் நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காரில் திரும்பும்போது அவர் கேட்டது, "அப்பாவுக்கு என்ன வயசாம்?" என்பது மட்டும்தான்.

அதற்குப் பிறகும் எட்டு வருடம் அவர் பக்கத்தில் வேலை பார்த்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு ஓய்வுபெற்றேன்.

மாடசாமி சலூனில் அந்தக் குரலைக் கேட்ட மறுநாள் காலை வாசுதேவநல்லூர் பஸ் ஏறினேன். எசக்கி அங்கே மெயின் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறான். தொப்பை விழுந்திருந்தது. நடையில் அந்த முழங்கால் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"வாங்க அண்ணாச்சி! என்ன திடீர்னு? வாய்ஸ் கேட்டியளா? எல்லா குரூப்புலயும் சுத்துதாம்லா."

"அதுக்குத்தான் வந்தேன். உக்காரு எசக்கி."

நான் சொன்னேன். காலை ஆறு மணி, மாத்திரை, அட்டை, டாக்டரிடம் சொன்ன பொய், ஜன்னல், பென்சில், எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டில் பெயர் வராமல் போகலாம் என்று நான் சொன்னதையும் விடவில்லை. கடைசியாக, உன்னிடம் சொல்லும் பொறுப்பை அவர் என்னிடம்தான் விட்டிருந்தார் என்றேன்.

அவன் கண் என் முகத்திலேயே இருந்தது. ஒருவர் வந்து யூரியா இருக்கா என்று கேட்டார். எசக்கி திரும்பவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

"ஒரு சளி மாத்திரையா அண்ணாச்சி?"

"ஆமா."

"நான் சரியா ஆடலன்னு நெனச்சேன். ட்ரெய்னிங்ல ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன். அடுத்த கிளப்புல பந்து காலுக்கு வரும்போதெல்லாம் அந்த நெனப்புதான். இவன் சரியில்லன்னு அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, அது என்னன்னு." நிறுத்தினான். "எங்க அப்பா சாவுக்கு வந்தாருல்லா. கை குடுத்தாரு. நான் குடுக்கல. நீங்க பக்கத்துலதான நின்னிய?"

"நின்னேன்."

"உங்க கையத்தான பிடிச்சு அழுதேன்?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அவருக்குப் போன் போடுங்க" என்றான்.

போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். எசக்கி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான். "கோச், எசக்கி பேசுதேன்" என்றான். போனைக் காதில் வைத்தபடியே உர மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டான். அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. ரொம்ப நேரம் கழித்து வந்து போனை நீட்டினான். "உங்ககிட்டப் பேசணுமாம்."

"சார்" என்றேன்.

"சொல்லிட்டீங்க போல."

"சொல்லிட்டேன் சார். மன்னிச்..."

"ரொம்ப நாள் எதிர்பார்த்தேன், ஃபிசியோ. அவங்க அப்பா செத்தப்ப, திரும்பி வர்ற வழியிலயாவது, காரைத் திருப்புங்கன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க ரிட்டையர் ஆன அன்னைக்கு மேடையிலகூட எதிர்பார்த்தேன். அதுக்கப்புறம் விட்டுட்டேன்." பிறகு, "சரி, வைக்கிறேன்" என்றார். வைத்துவிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. என்னிடம் எதையும் எதிர்பார்க்காத ஒருவரின் குரலாக இருந்தது.

நான் எழுந்தேன். எசக்கி கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தான்.

"போயிட்டு வாரேன் எசக்கி."

"வராதீங்க அண்ணாச்சி" என்றான். "இனிமே இங்கன வராதீங்க."

அன்று சாயங்காலம் ரசிகர் குழுவில் எசக்கியின் இன்னொரு குரல் வந்தது. வீட்டு வாசலில் தனியாக நின்று கேட்டேன். "முந்தி நான் போட்ட வாய்ஸ யாரும் அனுப்பாதீங்க. அழிச்சிருங்க. அன்னைக்குக் கோச் என்னைய வெளிய வெச்சது என் நல்லதுக்குத்தான். எனக்கு இப்பத்தான் தெரியும். ஒரு தப்பு நடந்துபோச்சு, அது அவரு தப்பு இல்ல. என் தப்பும் இல்ல. யாரு தப்புன்னு எங்கிட்டக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கோச், ஒங்க கைய நான் அன்னைக்குப் பிடிச்சிருக்கணும்."

அடுத்த நிமிடமே கேள்விகள் வந்து விழுந்தன. யார், யார் என்று கேட்டார்கள். நிர்வாகமா, டாக்டரா, கேப்டனா. அந்த டாக்டரின் பெயரைச் சொல்லி ஒருவர் கெட்ட வார்த்தை எழுதியிருந்தார். மாடசாமியும், "யாருன்னு சொல்லிருடே எசக்கி, விடாத" என்று எழுதியிருந்தார். எசக்கி பதில் போடவில்லை. பதினான்கு வருடம் ஒருவர் என்னை மறைத்துக்கொண்டு நின்றார். இப்போது அந்த இடத்துக்கு இவன் வந்து நிற்கிறான். வராதே என்று சொன்ன வாயாலேயே என்னைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான்.

அனிதாவைக் கூப்பிட்டு, நான் எழுதப்போவது இதைத்தான் என்றேன். அவள் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டு வந்தாள். கோச், "அது அவர் இஷ்டம்" என்றாராம். எசக்கி, "எம் பேரைத் தாராளமா எழுதச் சொல்லுங்க. அவரு தம் பேரை எழுதுவாரான்னு பாப்போம்" என்றானாம்.

குழுவில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். டாக்டர் இல்லை, கேப்டன் இல்லை, நிர்வாகம் இல்லை. மாத்திரையைக் கொடுத்ததும், கொடுத்ததை மறைத்ததும், சொல்லவேண்டியவனிடம் பதினான்கு வருடம் சொல்லாமல் இருந்ததும் நான். என் பெயர் கோமதிநாயகம்.